பைப்லைன் விபத்துப் பயிற்சிக்கு அமெரிக்க அரசு மானியம்: விண்ணப்பிக்கலாமா?

தாராளமாக. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் பைப்லைன் பாதுகாப்பு அமைப்பான பிஎச்எம்எஸ்ஏ தரும் தொழில்நுட்ப உதவி மானியம், சின்ன ஊர்களுக்கு உண்மையிலேயே கைகொடுக்கிறது. உச்சவரம்பு 1,00,000 டாலர். வழக்கு நடத்தவோ, பைப்லைன் திட்டத்தை ஆதரிக்கவோ எதிர்க்கவோ இதைச் செலவிடக் கூடாது.

பலர் சறுக்குவது, அரசு மானியம் கேட்போர் பதிய வேண்டிய சாம்.கவ் தளப் பதிவில். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், வாரக்கணக்கில் இழுக்கும். மானிய அறிவிப்பு வருமுன்பே முடித்துவிடுங்கள்.

பணத்தைத் துண்டுப் பிரசுரங்களில் கரைக்காமல் களப்பயிற்சியில் போடுங்கள்: பைப்லைன் செல்லும் இடத்தைக் காட்டும் மார்க்கர் கம்பத்திலுள்ள அவசர எண்ணைப் பார்த்து பைப்லைன் நிறுவனத்தை அழைப்பது, காற்று வரும் பக்கமிருந்தே கசிவை அணுகுவது. குறிப்பாக, எரியும் கேஸை அவசரப்பட்டு அணைக்கக் கூடாது. வரத்து நிற்காமல் தீ மட்டும் அணைந்தால் கேஸ் தேங்கி, பொறி பட்டதும் வெடிக்கும். வால்விலும் கை வைக்காதீர்கள். தவறான வால்வைத் திருகினால் நிலைமை மோசமாகும். அதை நிறுவன ஆட்களே மூடட்டும்.