கார் ஃபைனான்ஸ் கமிஷன் புகார்: கிளெய்ம் கம்பெனியா, நேர்வழியா?

பிரிட்டனில் பிசிபி, ஹெச்பி முறையில் (மாதத் தவணையில் கார் வாங்கும் கடன் முறைகள்) கார் எடுத்த யாரையும் கிளெய்ம் கம்பெனிகள், அதாவது கட்டணம் வாங்கிக்கொண்டு இழப்பீடு கேட்டுத் தரும் நிறுவனங்கள், விடுவதாக இல்லை. கார் டீலருக்குப் போன கமிஷன் பற்றிய புகாரில் அவர்கள் செய்து தரும் வேலையையும், அதே புகாரைக் கடன் கொடுத்த லெண்டரிடம் நேரே கொடுப்பதையும் ஒப்பிட்டால் நேர்வழிக்கே எங்கள் ஓட்டு.

முதலில் காசு. இழப்பீடு 1,500 பவுண்டுக்குள் என்றால் கிளெய்ம் கம்பெனி 30% வரை வாங்கலாம். அதன்மேல் வாட் சேர்ந்தால் 36%. ஓர் ஒப்பந்தத்துக்குச் சராசரியாக 700 பவுண்டு கிடைக்கலாம் என்பது நிதித்துறைக் கண்காணிப்பு அமைப்பான எஃப்சிஏ 2025 அக்டோபரில் சொன்ன கணக்கு. அதில் 252 பவுண்டு கம்பெனிக்கு. அவர்கள் அனுப்புவதோ பெரும்பாலும் எல்லாருக்கும் ஒரே அச்சில் வார்த்த கடிதம். கையெழுத்திட்ட 14 நாளுக்குள் கட்டணமில்லாமல் விலகலாம். தாண்டிவிட்டால், செய்த வேலைக்கு என்று பில் வரக்கூடும்.

எதைப் பற்றிப் புகார் செய்கிறோம் என்பது தெளிவாக இருக்கட்டும். பல லெண்டர்கள் வட்டியை ஏற்றி இறக்கும் உரிமையை டீலரிடமே விட்டிருந்தார்கள். வட்டி ஏற ஏற டீலரின் கமிஷனும் ஏறும். 10,000 பவுண்டு, 4 வருடக் கடனில் இதனால் சுமார் 1,100 பவுண்டு கூடுதல் வட்டி போகலாம் என்று எஃப்சிஏ 2019இல் கணக்கிட்டது. 2021 ஜனவரி 28 முதல் இந்த முறைக்குத் தடை.

ஆனால் தடைக்குப் பிறகு எடுத்த கடன் என்பதற்காக விட்டுவிட வேண்டாம். 2025 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றம் பெரும்பாலும் லெண்டர்கள் பக்கம் தீர்ப்பளித்தாலும், ஒரு வழக்கில் வாடிக்கையாளரே ஜெயித்தார். அவருடைய கடனுக்கான மொத்தச் செலவில் கமிஷன் மட்டும் 55%. டீலருக்கும் லெண்டருக்கும் இருந்த தனி ஒப்பந்தமும் (கடன் கேட்பவரை முதலில் அந்த லெண்டரிடமே அனுப்ப வேண்டும் என்பது) அவருக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை. எஃப்சிஏ முன்மொழிந்த இழப்பீட்டுத் திட்டமும் 2007 ஏப்ரல் 6 முதல் 2024 நவம்பர் 1 வரையிலான ஒப்பந்தங்களைப் பற்றியது. பிசிஹெச் என்ற வாடகை லீஸ் இதில் வராது.

புகார் போக வேண்டியது லெண்டருக்கு. டீலருக்கு அனுப்பி மாதக்கணக்கில் காத்திருப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. லெண்டர் பெயர் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் இருக்கும். அது தொலைந்திருந்தால் பழைய பேங்க் ஸ்டேட்மென்டில் டைரக்ட் டெபிட் வரியைப் பாருங்கள். கிரெடிட் ரிப்போர்ட்டிலும் பார்க்கலாம், ஆனால் அதில் முடிந்த கடன் 6 வருடம் வரைதான் தெரியும்.

அரைப்பக்கம் போதும். பெயர், பிறந்த தேதி, இப்போதைய முகவரி, கடன் வாங்கியபோது இருந்த முகவரி (வீடு மாறியவர்களின் கணக்கு பல நேரம் இங்கேதான் சிக்கும்), ஒப்பந்த எண் அல்லது கார் பதிவு எண், டீலர் பெயர். பிறகு நான்கு கேள்விகள்: கமிஷன் கொடுக்கப்பட்டதா, எவ்வளவு, வட்டியை மாற்றும் உரிமை டீலருக்கு இருந்ததா, டீலரோடு தனி ஒப்பந்தம் இருந்ததா. முடிவில் 'அதிகமாக வாங்கியிருந்தால் திருப்பித் தாருங்கள்' என்று கேளுங்கள். இது புகார் என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். வெறும் கேள்வியாகப் போனால் தகவல் மட்டும் சொல்லி முடித்துவிடுவார்கள். இரண்டு கார் என்றால் இரண்டு புகார். எழுதச் சோம்பலாக இருந்தால் மணிசேவிங்எக்ஸ்பர்ட் என்ற நுகர்வோர் ஆலோசனைத் தளத்தில் இலவச மாதிரிக் கடிதம் இருக்கிறது.

நேர்வழியின் பெரிய குறை தாமதம். வழக்கமாக 8 வாரத்தில் பதில் தர வேண்டும். இந்தப் புகார்களுக்கு அந்தக் கெடுவை எஃப்சிஏ 2024 ஜனவரியில் தற்காலிகமாக நிறுத்தி வைத்தது. கிளெய்ம் கம்பெனிக்கும் அதே வரிசைதான், காசு கொடுத்து முந்த முடியாது.

'வட்டியை மாற்றும் உரிமை டீலருக்கு இல்லை' என்று மட்டும் பதில் வந்தால் அதோடு விடாதீர்கள். கமிஷன் தொகையும் தனி ஒப்பந்தமும் இன்னும் பாக்கி. உங்களைப் பற்றிய பதிவுகளைக் கேட்டு இலவசமாக வாங்கலாம், பொதுவாக ஒரு மாதத்தில் தர வேண்டும். இறுதிப் பதில் திருப்தியில்லை என்றால் நிதி நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரிக்கும் நிதி ஆம்புட்ஸ்மனிடம் போகலாம், அதுவும் இலவசம். அதற்கான கடைசி நாள் அந்தப் பதில் கடிதத்திலேயே இருக்கும். வந்த அன்றே காலண்டரில் குறித்துவிடுங்கள்.