ஆவியா, உப்பு நீரா? அடிக்கடி வரும் சைனஸுக்கு எது?

செலவு: ஆவிக்கு வெந்நீரும் ஒரு கை நொச்சி இலையும் போதும். மூக்கு கழுவ ஒரு பிளாஸ்டிக் குடுவை வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

பலன்: இங்கிலாந்தில் 800க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், உப்பு நீரால் கழுவியவர்களுக்குத் தொல்லை ஓரளவு குறைந்தது. ஆவியில் தலைவலி தணிந்ததைத் தவிர பெரிய மாற்றமில்லை. கழுவும்போது கெட்டிச் சளியும் தூசியும் வெளியேறிவிடுகின்றன. ஆவி அந்த நேரத்து இதம் மட்டுமே.

ஆபத்து: ஆவிப் பாத்திரம் கவிழ்ந்தால் தொடை வெந்துபோகும். குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். கழுவுவதற்குக் குழாய்த் தண்ணீரை அப்படியே எடுக்கக் கூடாது. மூளையைத் தாக்கும் அமீபா மூக்கு வழியாகத்தான் நுழைகிறது. கொதிக்க வைத்து ஆறிய நீர் 240 மில்லியில், அயோடின் சேர்க்காத உப்பு அரை டீஸ்பூன் போடுங்கள். கைகழுவும் தொட்டியின் மேல் தலைகுனிந்து, வாயால் மூச்சுவிட்டபடி ஒரு துளையில் ஊற்றினால் மறு துளை வழியே வழியும். முதல் நாள் கொஞ்சம் எரியும், அப்புறம் பழகிவிடும்.

சரி, யாருக்கு எது? இன்றைக்குத் தலை கனத்தால் ஆவி. வருஷத்துக்கு நான்கு முறை படுக்கவைக்கும் சைனஸ் என்றால் தினமும் கழுவுங்கள். கண்ணைச் சுற்றி வீங்கினால் இரண்டையும் விட்டுவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.