ஜான் விக்கா, ஜாக்கலா? கூலிக்கொலையாளி படங்களில் எதற்கு நகம் கடிப்பது

'ஜான் விக்' (2014) படத்தில் நாயகன் தோற்கமாட்டான் என்பது ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும். 'தி டே ஆஃப் தி ஜாக்கல்' (1973) படத்தில் கொலையாளி ஜெயிக்கமாட்டான் என்பது படம் பார்க்க உட்காரும் முன்பே தெரியும். அவன் குறிவைப்பது பிரெஞ்சு அதிபர் சார்ல் த கோலை. அவரோ 1970-இல் தன் வீட்டில் இயற்கையாக இறந்தவர். இரண்டிலும் முடிவு தெரியும், ஆனால் ஒன்றுதான் நம்மை நாற்காலி நுனிக்கு இழுக்கிறது. ஜாக்கல்தான் அது.

அல்ஜீரியாவுக்கு விடுதலை கொடுத்ததற்காக த கோலைக் கொல்லத் துடித்த ஓ.ஏ.எஸ். என்ற பிரெஞ்சு ரகசிய ஆயுதக் கும்பல், 1962 முயற்சி தோற்றதும் வெளியாள் ஒருவனை ஐந்து லட்சம் டாலருக்கு அமர்த்துகிறது. அதற்கப்புறம் இயக்குநர் ஃப்ரெட் ஜின்னமன் காட்டுவதெல்லாம் வேலைதான். இறந்த குழந்தையின் பெயரில் பாஸ்போர்ட், ஊன்றுகோலுக்குள் ஒளிக்கத் தோதான துப்பாக்கி, மரத்தில் தொங்கவிட்ட தர்பூசணியில் குறி பழகல். கடைசித் தோட்டாவில் அந்தப் பழம் சிதறும்போது பின்னணி இசைகூடக் கிடையாது. மறுபக்கம் லெபெல் என்ற சோர்ந்த முகத்துப் போலீஸ்காரர், ஆவணங்களைப் புரட்டியே நெருங்கி வருகிறார். இருவருமே தொழில் தெரிந்தவர்கள். ஒரு கட்டத்தில் கொலையாளியின் திட்டம் பிசகிவிடக் கூடாதே என்று நாமே தவிக்க ஆரம்பிக்கிறோம். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஜான் விக்கில் திட்டம் என்று பெரிதாக எதுவுமில்லை. இறந்துபோன மனைவி விட்டுச்சென்ற நாய்க்குட்டியைக் கொன்றார்கள், காரைத் திருடினார்கள், கணக்குத் தீர்க்க வேண்டும், அவ்வளவுதான். அதன் பலம் வேறு. இயக்குநர் சாட் ஸ்டாஹெல்ஸ்கி, 'தி மேட்ரிக்ஸ்' படத்தில் கியானு ரீவ்ஸுக்கு டூப் போட்ட சண்டைக் கலைஞர். கேமராவை ஆட்டி, ஷாட்டைத் துண்டு துண்டாக வெட்டி, யார் யாரை அடித்தார்கள் என்றே புரியாமல் எடுப்பது வழக்கமாகியிருந்த காலத்தில், அவர் கேமராவைத் தள்ளி நிறுத்தி முழு உடம்பையும் காட்டினார். ஜூடோ பிடி, சுடுதல், தோட்டா தீர்ந்தால் மேகஸின் மாற்றுதல் எல்லாம் ஒரே ஓட்டத்தில் வருகின்றன. பதற்றம் கிடைக்காது, நல்ல நடனம் பார்த்த திருப்தி கிடைக்கும். தங்கக் காசு வாங்கிக்கொண்டு கொலையாளிகளுக்காகவே நடக்கும் ஹோட்டல் முதல் பாகத்தில் ரசனையான கற்பனை. பின்னால் அதற்கு விதி, சபை, விதிக்கு மேல் விதி என்று சேர்த்தது எனக்கு ஒட்டவில்லை.

இரண்டும் கலந்து வேண்டுமென்றால் மைக்கேல் மானின் 'கொலேட்டரல்' (2004). லாஸ் ஏஞ்சலிஸில் ஒரே இரவு. டாக்ஸியின் பின்சீட்டில் டாம் க்ரூஸ், முன்சீட்டில் மாட்டிக்கொண்ட ஓட்டுநராக ஜேமி ஃபாக்ஸ். சந்தில் பெட்டியைத் திருடியவர்களை க்ரூஸ் சுடும் காட்சி சில நொடியில் முடிந்துவிடும். ஆனால் படம் முழுக்க பயம் அந்த ஓட்டுநருடையது. அவன் செத்துவிடலாம் என்பதை நாம் உண்மையாகவே நம்புகிறோம். விக்கிடம் இல்லாத சரக்கு இதுதான்.

டேவிட் ஃபின்ச்சரின் 'தி கில்லர்' (2023) ஜாக்கலின் பொறுமையைக் கிண்டலாக எடுத்துக்கொள்கிறது. பாரிஸில் நாள்கணக்கில் காத்திருந்து, ஒழுங்கைப் பற்றி மனசுக்குள் ஓயாமல் பேசிவிட்டு, கடைசியில் ஆளை மாற்றிச் சுட்டுவிடுகிறான். முதல் பகுதி அபாரம், பிறகு வழக்கமான பழிவாங்கல். மெல்வில்லின் 'லெ சாமுராய்' (1967) இவற்றுக்கெல்லாம் மூத்தது. வசனமே இல்லாமல் ஆரம்பிக்கும் அந்தப் படத்தைத் தூக்கம் வரும் நேரத்தில் போடாதீர்கள்.

ஒரு படத்துக்குத்தான் நேரம் என்றால் கொலேட்டரல். இரண்டு என்றால் கூடவே ஜாக்கல். விக் வரிசையில் முதல் பாகத்தோடு நிறுத்தலாம். 169 நிமிடம் ஓடும் நாலாம் பாகத்தில் (2023) பாரிஸ் படிக்கட்டுச் சண்டையை மட்டும் தனியே ஓட்டிப் பார்த்தாலே போதும்.