ஆர்பி67-க்கு எந்த ட்ரைபாட்: அலுமினியமா, கார்பனா?

மாமியா ஆர்பி67 ஃபிலிம் கேமரா, லென்ஸும் பேக்குமாக (ஃபிலிம் மாட்டும் பின்பகுதி) சேர்ந்தாலே இரண்டரை கிலோவைத் தொட்டுவிடும், அதனால் ட்ரைபாட் விஷயத்தில் கஞ்சத்தனம் பார்க்க முடியாது. புது கார்பன் ஃபைபர் ட்ரைபாடோடு கீழக்குயில்குடி சமணர் மலை ஏறினேன். பழைய அலுமினியத்தோடு அந்தப் படிகளில் ஏறினால் பாதியிலேயே தோள்பட்டை கழன்றுவிடும், இதில் அந்தப் பேச்சே இல்லை.

ஆனால் மேலே காற்று. கால்களை முழுக்க இழுத்து நடுத்தண்டையும் உயர்த்தினால், ஃபைண்டரில் பாறை லேசாக ஆடுவது கண்ணுக்கே தெரிகிறது; தண்டை இறக்கி, அடியிலுள்ள கொக்கியில் கேமரா பையைத் தரையை உரசுகிற மாதிரி தொங்கவிட்டால்தான் அடங்குகிறது (பை காற்றில் ஊஞ்சலாடினால் இன்னும் மோசம்).

அலுமினியத்துக்கு இந்த வைத்தியமெல்லாம் வேண்டாம், நட்டால் நட்டதுதான். 120 ஃபிலிம் ரோலில் கிடைப்பதே 10 படம், அரை செகண்ட் எக்ஸ்போஷரில் ஒன்று கலங்கினாலும் வயிறு எரியும். அதிர்வு வராமலிருக்க கேமராவுக்குள் இருக்கும் மிரரை முதலில் தூக்கிவிட்டு, லென்ஸில் மாட்டிய கேபிள் ரிலீஸை (கேமராவைத் தொடாமல் ஷட்டரை இயக்கும் கம்பி) அழுத்தினால் கார்பனிலும் கூர்மை குறையவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வைகை மணலில் கார்பனின் திருகு பூட்டு கரகரக்கிறது, அங்கே பழசுதான். மலைக்கு மட்டும் புதுசு.

ட்ரைபாட் உச்சியில் கேமராவைத் தாங்கும் ஹெட்டை மாற்றவில்லை. ஒரே உருண்டையில் திரும்பும் பால் ஹெட்டில் (ball head) இந்த எடை முன்பக்கம் சரிகிறது, மூன்று கைப்பிடி வைத்த பழையதையே கழற்றி மாட்டிக்கொண்டேன். ஆர்பியில் பேக்கே சுழலும் என்பதால் நெட்டுவாக்கில் எடுக்கக் கேமராவைச் சாய்க்கும் தொல்லையும் இல்லை.