உப்புக்காற்றில் எந்த காபி மேக்கர் நிற்கும்?

எங்கள் வீட்டிலிருந்து கடல் அரைக் கிலோமீட்டர். மண்டபத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா, நடுவில் நாங்கள். ஜன்னல் கொக்கி, அடுப்பின் கால், மிக்ஸியின் அடி ஸ்குரூ என்று எதை எடுத்தாலும் இரண்டு வருடத்தில் துரு. அதனால் சுற்றுச்சூழலுக்கு நல்ல காபி மேக்கர் எது என்று யாராவது கேட்டால், கரண்ட் கணக்குக்கு முன்னால் நான் கேட்பது ஒன்றுதான்: அது இந்தக் காற்றில் எத்தனை வருடம் தாங்கும்? மூன்றே வருடத்தில் குப்பைக்குப் போகிற பொருள் எவ்வளவு மிச்சம் பிடித்துக் கொடுத்தாலும் எனக்குக் கணக்கு இடிக்கிறது.

எங்கள் அடுப்படிக்கு இதுவரை நாலு விதம் வந்துவிட்டன. முதலில் மின்சார டிரிப் மெஷின், மதுரையில் வாங்கியது. தண்ணீர் ஊற்றி, தூளைப் போட்டு, சுவிட்சைத் தட்டினால் வேலை முடிந்தது. கரண்ட் செலவு பயந்த அளவுக்கு இல்லை. ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்க ஏறக்குறைய 0.08 யூனிட், நாங்கள் போடும் அரை லிட்டருக்கு அதில் பாதி. காபி இறங்கின பிறகும் அடித்தட்டு சூடாகவே கிடக்கிறதே, அதுதான் வீண்.

ஆனால் மெஷினைக் கொன்றது தண்ணீர். காவிரித் தண்ணீர் வராத நாட்களில் போர் தண்ணீரை ஊற்றினோம். உள்ளே இருக்கும் மெல்லிய குழாயில் சுண்ணாம்பு படிந்து, சொட்டுச் சொட்டாக இறங்க ஆரம்பித்தது. அதைக் கரைக்க வினிகர் கலந்து ஓட்ட வேண்டும், அப்புறம் வாசனை போக இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீர் விட்டு அலச வேண்டும். குடத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து நல்ல தண்ணீர் வாங்கும் ஊரில், "ஒரு மெஷினைக் குளிப்பாட்ட இவ்வளவு தண்ணியா?" என்று அம்மா கேட்டார். என்னிடம் பதில் இல்லை. கடைசியில் அடித்தட்டு ஸ்குரூ துருவேறி, கழற்றவே முடியாமல் போனது. சர்வீஸில் சொன்னது: "புதுசு வாங்கிடுங்க சார்."

அடுத்தது துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்த கேப்ஸ்யூல் மெஷின், ஒரு கப்புக்கான தூளை அடைத்த சின்ன அலுமினியக் குப்பியைச் சொருகினால் காபி இறக்கித் தருவது. "இனிமே எதுக்கு இந்த டப்பா பில்டர்?" என்று சொல்லித்தான் பெட்டியைப் பிரித்தார். இதைத் திட்டுவது சுலபம், ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு கேப்ஸ்யூலில் ஐந்தாறு கிராம் தூள், ஒரு கப்புக்கு வேண்டிய தண்ணீர் மட்டும் சூடாகிறது, மிஞ்சிக் கொட்டுவது இல்லை. காபி என்பது தோட்டத்தில் உரமும் தண்ணீரும் வாங்கி வளர்ந்து, பதப்படுத்தி, வறுத்து வருகிற பொருள். மிஞ்சின டிகாக்ஷனைத் தொட்டியில் கொட்டும்போது அத்தனையும் சேர்ந்துதான் போகிறது.

சரி, காலியான கேப்ஸ்யூல்? இரண்டு பேர் இரண்டு வேளை என்றால் வருடத்துக்கு 1,460. அலுமினியத்தைத் திரும்ப உருக்கலாம்தான். ஆனால் ஈரச் சக்கையை நோண்டி எடுத்து, தனியாகச் சேர்த்து, வாங்குகிறவர் கையில் கொடுத்தால்தான் அது நடக்கும். எங்கள் தெருப் பழைய இரும்புக்காரர் ஒரு கைப்பிடியை அள்ளிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். நெஸ்பிரஸ்ஸோ என்ற கம்பெனியின் கேப்ஸ்யூல் விற்பனைக்கு வந்ததும், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்கா ஆனதும் ஒரே வருடம், 1986. கரையில் ஒதுங்கும் குப்பையைப் பார்க்கும்போதெல்லாம் இது ஞாபகம் வரும்.

மூன்றாவது மோகா பாட், அடியில் தண்ணீர், நடுவில் தூள் என்று அடுப்பில் வைத்தால் மேல் பாத்திரத்துக்கு டிகாக்ஷன் ஏறும் அலுமினியக் கெட்டில். 1933இல் இத்தாலியில் வந்தது. கரண்ட் வேண்டாம், காகிதம் வேண்டாம், டிகாக்ஷனும் கெட்டியாக வரும். ஆனால் அலுமினியத்துக்கு உப்பு ஆகாது. கழுவி ஈரத்தோடு கவிழ்த்து வைத்தால் உள்ளே வெள்ளைப் பொட்டும் குழியும் விழுகின்றன. நம் சிக்கரித் தூள் ஊறிப் பிசுபிசுத்து அடைத்துக்கொள்ளவும் செய்தது. ரப்பர் வளையம் இங்கே எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. வாங்கினால் எவர்சில்வரில் வாங்குங்கள். தூளை வெந்நீரில் ஊற வைத்து, வலைத்தட்டால் அமுக்கி வடிக்கும் பிரெஞ்ச் பிரஸ்ஸை நாங்கள் வாங்கவில்லை. தூளும் அதிகம் கேட்கும், பாலுக்கு அந்த டிகாக்ஷன் நிற்காது.

மிஞ்சியது பில்டர். எங்கள் வீட்டில் இரண்டு உண்டு. அம்மாவின் கல்யாணச் சீரில் வந்த பித்தளை, அப்புறம் எவர்சில்வர். பித்தளை அழகுதான், ஆனால் உள்ளே ஈயம் தேய்ந்தால் பூசியாக வேண்டும். முன்பெல்லாம் ஈயம் பூசுகிறவர் தெருவுக்கே வருவார், இப்போது தேடிப் போக வேண்டும். அதனால் அது அலமாரியில்.

எவர்சில்வரிலும் ஒரு சூது இருக்கிறது. கடையில் காந்தத்தை வைத்துக் காட்டி "ஒட்டலை பாருங்க, நல்ல சரக்கு" என்பார்கள். 202, 304 இரண்டு ரகத்திலும் காந்தம் ஒட்டாது. 202இல் நிக்கல் குறைவு, கடற்காற்றில் சீக்கிரம் பழுப்புப் புள்ளி விழும். அடியில் 304 என்று முத்திரை இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். அதையும் துடைத்துத்தான் வைக்க வேண்டும். ஓட்டை அடைத்தால் மேல் கிண்ணத்தை வெறுமனே தீயில் காட்டித் தட்டினால் திறந்துகொள்ளும். எங்களுடையதற்குப் பன்னிரண்டு வருடம் ஆகிறது, ஒரு உதிரிப் பாகமும் வாங்கியதில்லை. சக்கை முருங்கை அடியில்.

பில்டரின் குறை அதை ஆள்கிறவர் கையில்தான். இரண்டு டம்ளர் டிகாக்ஷனுக்கு ஒரு பாத்திரம் நிறையத் தண்ணீர் கொதிக்க வைப்பது, ஆறினதைத் திரும்பத் திரும்பச் சூடாக்குவது. கேப்ஸ்யூல் மெஷின் எனக்குக் கற்றுக் கொடுத்தது இதுதான்: இப்போது தண்ணீரை டம்ளரால் அளந்து ஊற்றுகிறேன்.

இத்தனை அலசினாலும், பால் காபியில் சுற்றுச்சூழலுக்குப் பெரிய சுமை பால்தான், மெஷின் இல்லை. அம்மா சாயங்காலம் போடுவது சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டியில் கடுங்காப்பி. ஒரு சட்டி, வடிகட்ட ஒரு துணி, அவ்வளவுதான். கேப்ஸ்யூல் மெஷின் பரண் மேல் இருக்கிறது. மச்சான் வருகிறார் என்றால் முதல் நாளே துருவைத் துடைத்து இறக்கி வைப்போம்.