வீடு பார்க்க டிரைஃபீல்டு டிஎஃப்2 மீட்டர்: எந்த எண்ணை நம்பலாம்?

உயர் அழுத்த மின்கோபுரத்தை ஒட்டிய வீடு என்றால் வாடகையும் விலையும் கொஞ்சம் இறங்கிவரும். மின்காந்தப் புலம் தங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று உணர்பவர்களுக்கு அந்தச் சலுகை ஏற்கத்தக்கதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, அளந்துதான் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டியில் உள்ள ஆல்ஃபாலேப் தயாரிக்கும் டிரைஃபீல்டு டிஎஃப்2 இதற்காக அதிகம் வாங்கப்படும் கைமீட்டர். 9 வோல்ட் பேட்டரியில் ஓடும். ஒரே திருகியில் காந்தப்புலம், மின்புலம், ரேடியோ அலை மூன்றையும் அளக்கும். மூன்றும் ஒரே தரம் என்று நினைத்துவிடக் கூடாது.

காந்தப்புலம்தான் இதன் பலம். 0.1 முதல் 100 மில்லிகாஸ் (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) வரை, மூன்று அச்சுகளிலும் சேர்த்து அளக்கிறது. மீட்டரை எப்படித் திருப்பிப் பிடித்தாலும் எண் மாறாது. மலிவு மீட்டர்கள் பலவும் ஓர் அச்சில்தான் அளக்கும். பிடிக்கும் கோணம் தவறினால் பாதி அளவைக் காட்டிவிட்டு நிம்மதியாக இருக்கச் சொல்லும். செல்போன் ஆப்களோ 50 ஹெர்ட்ஸ் மின்பாதைக்கு உதவவே உதவாது. திருகியை ‘ஸ்டாண்டர்டு’ நிலையில் வையுங்கள். ‘வெயிட்டெட்’ நிலை அதிக அதிர்வெண்ணுக்குக் கூடுதல் எடை கொடுப்பதால், அந்த எண்ணை வரம்புகளோடு நேராக ஒப்பிட முடியாது.

முதல் வேலை, வீட்டின் மெயின் ஸ்விட்சை அணைப்பது. அணைத்த பிறகும் எண் நிற்கிறது, அறைக்கு அறை மெதுவாகத்தான் மாறுகிறது என்றால் அது வெளியிலிருந்து, அல்லது பக்கத்து வீட்டிலிருந்து வருவது. சுவரை விட்டு ஒரு மீட்டர் விலகியதும் சட்டென்று விழுந்தால், சுவருக்குப் பின்னால் மீட்டர் பெட்டியோ இன்வெர்ட்டரோ இருக்கும். மெயினைப் போட்டு, விளக்குகளையும் ஏசியையும் ஓட்டியதும் ஓர் அறை முழுக்க எண் ஏறினால் வயரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டு சர்க்யூட்டின் நியூட்ரலை ஒரே சுவிட்ச்போர்டில் சேர்த்துவிட்டால், போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் வேறு வேறு வழியில் ஓடும். ஒன்றின் புலத்தை ஒன்று அழிக்காது. கோபுரத்தின் மேல் பழி விழும், பிழையோ பெட்டிக்குள் இருக்கும். இதை எலக்ட்ரீஷியன் சரிசெய்துவிடலாம். கோபுரத்தைத்தான் நகர்த்த முடியாது.

ஒரே நாளில் அளந்து முடிவுக்கு வராதீர்கள். காந்தப்புலம் கம்பியில் ஓடும் மின்னோட்டத்தைப் பொறுத்தது. லோடு ஏறினால் அதுவும் ஏறும். காலையில் ஒருமுறை, ஊரெல்லாம் ஏசி ஓடும் கோடை இரவில் ஒருமுறை, கட்டில் போடும் இடத்திலேயே தலையணை உயரத்தில் அளங்கள்.

தூரத்துக்கு ஒரு கணக்கு தேவை. அமெரிக்கத் தேசியச் சுற்றுச்சூழல் சுகாதார அறிவியல் நிறுவனம் 2002இல் வெளியிட்ட கையேட்டின்படி, சராசரி லோடில் 230 கே.வி. (கிலோவோல்ட்) பாதையின் அடியில் 57.5 மில்லிகாஸ், 15 மீட்டரில் 19.5, 30 மீட்டரில் 7.1, 61 மீட்டரில் 1.8, 91 மீட்டரில் 0.8. இந்தியாவில் 220 கே.வி. பாதைக்கு விடும் வழித்தடத்தின் அகலம் 35 மீட்டர், அதாவது பக்கத்துக்குப் பதினேழரை. தமிழ்நாட்டின் 230 கே.வி. பாதையும் ஏறத்தாழ இதே வகைதான். “சட்டப்படி தள்ளித்தான் கட்டியிருக்கிறோம்” என்று புரோக்கர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த எல்லை மின் விபத்தைத் தடுக்க வகுத்தது, காந்தப்புலம் அங்கே நின்றுவிடாது. எத்தனை கே.வி. என்று தெரியவில்லையா? கோபுரத்தில் கம்பியைத் தாங்கி ஒரு சரமாகத் தொங்கும் பீங்கான் தட்டுகளை எண்ணுங்கள். 110 என்றால் ஏழெட்டு, 230 என்றால் பதின்மூன்று பதினான்கு, 400 என்றால் இருபத்துமூன்று அளவில் இருக்கும். பாலிமர் இன்சுலேட்டர் என்றால் இந்தக் கணக்கு செல்லாது.

எண்ணைக் கண்டு பயப்படவும் வேண்டாம். கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஐசிஎன்ஐஆர்பி அமைப்பு 2010இல் பொதுமக்களுக்கு வகுத்த வரம்பு 50 ஹெர்ட்ஸுக்கு 2000 மில்லிகாஸ். இந்த மீட்டரின் உச்சமே அதில் இருபதில் ஒரு பங்கு. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயோடு புள்ளிவிவரத் தொடர்பு தென்பட்டது நீண்டகாலச் சராசரி 3, 4 மில்லிகாஸுக்கு மேலான வீடுகளில். காரணம் அதுதான் என்று நிறுவப்படவில்லை. மின்காந்தப் புலம் ஒத்துக்கொள்ளவில்லை என்ற உணர்திறன் பற்றி உலகச் சுகாதார நிறுவனம் 2005இல் சொன்னது: அறிகுறிகள் உண்மையானவை, சிலரை முடக்கிப்போடும் அளவுக்குக் கடுமையானவை, ஆனால் புலம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் நடத்திய சோதனைகளில் புலத்தோடு அவை ஒத்துப்போகவில்லை. அதனால் குறைந்த எண் காட்டும் வீட்டைத் தேர்ந்தெடுங்கள், கூடவே தலைவலிக்கும் தூக்கமின்மைக்கும் டாக்டரையும் பாருங்கள். மீட்டர் நோயைக் கண்டுபிடிக்கும் கருவி இல்லை.

மின்புலத்தில் டிஎஃப்2 சுமார்தான். ஓர் அச்சில்தான் அளக்கும், பிடிக்கும் ஆளின் உடம்பே எண்ணை மாற்றிவிடும், 1000 வோல்ட்/மீட்டருக்கு மேல் காட்டாது. பெரிய பாதையின் அடியில் அதைத் தாண்டிவிடும். சுவர் மின்புலத்தைப் பெரிதும் தடுப்பதால் வீட்டுக்குள் இந்தக் குறை அவ்வளவாக உறுத்தாது, மொட்டைமாடியில் உறுத்தும்.

செல்போன் டவருக்கு இதை ஒப்பீட்டுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். 20 மெகாஹெர்ட்ஸ் முதல் 6 கிகாஹெர்ட்ஸ் வரை அளந்தாலும் 19.999 மில்லிவாட்/சதுர மீட்டரோடு நின்றுவிடும். இந்தியா 2012 செப்டம்பர் 1 முதல் கொண்டுவந்த வரம்பு 900 மெகாஹெர்ட்ஸுக்கு 450 மில்லிவாட்/சதுர மீட்டர். ஆக, மீட்டர் உச்சத்தில் முட்டி நின்றால்கூட வரம்பு மீறப்பட்டதாக அர்த்தமில்லை. கையில் உள்ள போனை ஏர்பிளேன் மோடில் போட்டு, வைஃபையை அணைத்து, மீட்டரின் மேல்முனையை விரல் மறைக்காமல் நாலா பக்கமும் மெதுவாகத் திருப்புங்கள். டவருக்கு நேர்கீழே இருக்கும் வீட்டைவிட, எதிரே ஆன்டெனா உயரத்தில் இருக்கும் மாடி வீட்டில்தான் பெரும்பாலும் எண் கூடும், ஏனென்றால் ஆன்டெனாவின் அலைக்கற்றை கிடைவாட்டில் போகிறது. அதிகாரப்பூர்வ அளவு வேண்டுமென்றால் தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் தளத்தில் கட்டணம் கட்டிக் கேட்கலாம்.

உயர் அழுத்தப் பாதைக்கு அருகே வீடு தேடுவோருக்கு, காந்தப்புல அளவுக்காக மட்டுமே இந்த மீட்டரை வாங்கலாம். செல்போன் டவர் மட்டும்தான் கவலை என்றால் வேண்டாம். எந்த மீட்டரிலும் வராதது ஒன்று உண்டு: தூறல் விழும் இரவில் 400 கே.வி. கம்பிகள் எழுப்பும் சடசடப்பும் ரீங்காரமும். முன்பணம் கொடுப்பதற்கு முன் அப்படியொரு இரவில் போய், படுக்கையறை ஜன்னலைத் திறந்துவைத்துக் கால்மணி நேரம் உட்கார்ந்து கேளுங்கள்.