ட்ரான்ஸ்மிட்டர், கேஜ் செட் எண்டு 148,000 ரூபா போச்சு – திருகோணமலையில டைவ் பண்ற ஆக்கள் வாசிங்க

பழுதான டைவிங் சாமானை புதுசு எண்டு எனக்கு வித்த ஆள், இண்டைக்கு காலமை பார்த்தா அதே மாதிரி சாமானை திரும்ப விளம்பரம் போட்டிருக்கிறான். அதே படம், விலை மட்டும் கொஞ்சம் கூட. பார்த்த உடன எனக்கு கை நடுங்கிச்சு. நிலாவெளி உப்புவெளி பக்கம் டைவ் சென்டர்ல வேலை செய்யிற பெடியள் சீசனுக்கு சாமான் தேடுற நேரம் இது, அதால கோவம் ஆறுறதுக்கு முதலே எழுதுறன், பிழை இருந்தா பொறுத்துக்கொள்ளுங்க.

தெரியாத ஆக்களுக்கு கொஞ்சம் சொல்றன். டேங்க்ல எவ்வளவு காத்து மிச்சம் எண்டு பார்க்க முந்தி ஹோஸ்ல தொங்குற ஊசிக் கேஜ்தான். இப்ப ரெகுலேட்டர் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ்ல (டேங்க் வாயில பூட்டுற துண்டு) இருக்கிற ஹை பிரஷர் போர்ட்ல, அதாவது டேங்க் பிரஷர் அப்படியே வாற துளையில, ஒரு சின்ன ட்ரான்ஸ்மிட்டரை பூட்டிவிட்டா கையில கட்டுற கொம்பியூட்டர்லயே பிரஷர் விழும். நல்ல சாமான்தான், நான் குறை சொல்லல. ஆனா பற்றரில ஓடுறது, சிக்னல் அறுந்து போகும், பக்கத்தில ஆரும் கமராவுக்கு ஃப்ளாஷ் அடிச்சாலும் சில நேரம் அறும். அதால மற்ற ஹை பிரஷர் போர்ட்ல ஊசிக் கேஜ் ஒண்டும் இருக்க வேணும், ஒண்டு படுத்தா மற்றது. வெள்ளைக்காரரை கூட்டிக்கொண்டு இறங்குற என்னை மாதிரி ஆளுக்கு இது ஆடம்பரம் இல்ல. அதுக்காகத்தான் ட்ரான்ஸ்மிட்டரையும் புதுக் கேஜையும் ஹோஸோட செட்டா தேடினன்.

கண்டது புதுசு பழசு எல்லாம் விக்கிற ஒரு ஒன்லைன் தளத்தில. பேர் சொல்லல. "பிராண்ட் நியூ, சீல் உடைக்கல, ஒரு வருச வாரண்டி". நான் சும்மா நம்பி காசு போடல, எடுத்து கதைச்சன், வீடியோ கேட்டன், பெட்டியை திருப்பித் திருப்பி காட்டினான். பிறகு ஒரு வொய்ஸ் மெசேஜ் அனுப்பினான், அது இன்னும் என்ட ஃபோன்ல கிடக்கு: "தம்பி, நானும் தண்ணிக்குள்ள இறங்குற ஆள்தான். மூச்சு விசயத்தில விளையாடுவனா? கோணேசர் மேல சத்தியமா புதுச் சாமான்." திருகோணமலையில பிறந்தவனுக்கு கோணேசர் பேரைச் சொல்லி சத்தியம் பண்ணினா அதுக்கு மேல என்ன கேக்கிறது? அண்டைக்கே பேங்க்ல போட்டன், 148,000 ரூபா. சீசன் முழுக்க டிப்ஸ் காசு சேர்த்து வச்சது.

பார்சல் வந்திச்சு, பூட்டினன், கரையில 200 பார் (காத்துப் பிரஷர் அளவு) ரெண்டுலயும் ஒரே மாதிரி காட்டிச்சு. புறாமலைக்கு அங்கால உள்ள பாறைக்கு ரெண்டு பேரைக் கூட்டிக்கொண்டு மச்சானோட இறங்கினன். 18 மீட்டர்ல கொம்பியூட்டர்ல 130 எண்டு நிண்டது, அடுத்த தரம் பார்க்க வெறும் கோடு. வரேல்ல, வரவே இல்ல. கேஜை எடுத்துப் பார்த்தன், 120. சரி, ஒண்டு படுத்தா டைவ் முடிஞ்சுது எண்டு சைகை காட்டி திரும்பிட்டம், நீரோட்டம் எதிர்ல, இழுத்து இழுத்து நீந்தி போட் கயித்துக்கு வந்து பார்க்கிறன், ஊசி அதே 120ல நிக்குது. அவ்வளவு தூரம் எதிர் நீருக்கு மூச்செடுத்து வந்தவனுக்கு எப்படி 120 இருக்கும்? நெஞ்சு பக்கெண்டுச்சு. மச்சான்ட ஒக்டோபஸை (அவன்ட டேங்க்ல இருந்து மூச்செடுக்கிற மேலதிக வாய்த்துண்டு) வாயில வச்சுக்கொண்டுதான் 5 மீட்டர்ல நிண்டு ஏறினன். போட்ல என்ட டேங்க்ல அவன்ட ரெகுலேட்டரை பூட்டிப் பார்த்தம், 40 பார். என்ட கேஜ் காத்து முழுக்க இறக்கின பிறகும் 120ஐ விட்டு அசையல, விரலால தட்டத்தான் துள்ளி விழுந்துது.

உப்புவெளியில ரெகுலேட்டர் சேர்விஸ் செய்யிற அண்ணையிட்ட கொண்டு போனன். ட்ரான்ஸ்மிட்டர் பற்றரி மூடியை திறந்தார், உள்ளுக்கு பச்சை பிடிச்சுக் கிடக்கு, தண்ணி போகாம அடைக்கிற றப்பர் வளையம், ஓ ரிங், ஒரு பக்கம் வெட்டு, சீரியல் நம்பர்ல ஒரு ஸ்டிக்கருக்கு மேல இன்னொரு ஸ்டிக்கர். கேஜ் கண்ணாடிக்குள்ள உப்புத்தண்ணி காஞ்ச கோடு வட்டமா தெரியுது. எவனோ தண்ணி பூந்து எறிஞ்சதை துடைச்சு, பெட்டில போட்டு சீல் அடிச்சு, 148,000 ரூபாக்கு வித்திருக்கிறான்.

பிறகு நடந்ததுதான் இன்னும் வயிறு எரியுது. வித்தவன் முதல் சொன்னான் உங்கட கொம்பியூட்டர்ல பிழை எண்டு. பிறகு பற்றரி மாத்துங்க எண்டு. மாத்தி வீடியோ அனுப்பினன், முதலாளி கொழும்பில, திங்கள் எடுங்க எண்டான். திங்கள் எடுத்தா உப்புத்தண்ணி பட்டா வாரண்டி இல்லையாம். கடலுக்குள்ள போடுற சாமானுக்கு! கேஜைப் பற்றி கேட்டா பதிலே இல்ல, கடைசில ப்ளொக் பண்ணிட்டான். தளத்துக்கு எழுதினா, நாங்க விளம்பரம் மட்டும்தான், கொடுக்கல் வாங்கலுக்கு பொறுப்பில்ல எண்டு ஒரு வரி. சங்குக்கும் கடலட்டைக்கும் டைவ் போய் கை கால் விளங்காம வந்த பெடியளை கண்ட ஊர் இது, தானும் தண்ணிக்குள்ள இறங்குற ஆள் எண்டவனே மூச்சுச் சாமான்ல இப்படி செய்யிறான்.

வாங்கப் போற ஆக்களுக்கு அவசரமா ரெண்டு மூண்டு சொல்றன். ட்ரான்ஸ்மிட்டரையும் கேஜையும் ஒரே ஆளிட்ட செட்டா எடுக்காதேங்க, ஒரு கள்ளன் ரெண்டையும் கெடுத்துத்தான் தருவான். கையில எடுத்துப் பார்த்து, பற்றரி மூடியை திறந்து, சீரியல் நம்பரை கம்பனிக்கு அனுப்பி கேட்டுட்டு காசு குடுங்க. கேஜை 200க்கு ஏத்தி, டேங்கை மூடி, பேர்ஜை (வாய்த்துண்டில காத்து திறந்து விடுற பட்டன்) மெல்ல மெல்ல அமத்தி இறக்கிப் பாருங்க, ஊசி எங்கயும் நிக்காம சைபருக்கு வரவேணும். ஏத்துறதை மட்டும் பார்த்தா காணாது. பில் இல்லாம ஒரு சதமும் போடாதேங்க, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைட நம்பர் 1977, நான் வொய்ஸ் மெசேஜையும் பேங்க் சிலிப்பையும் எடுத்துக்கொண்டு நாளைக்கு முறைப்பாடு குடுக்கிறன். இதே ஆளிட்ட வாங்கின வேற ஆரும் இருந்தா இண்டைக்கு ராவைக்குள்ள எனக்கு மெசேஜ் போடுங்க, சேர்ந்து குடுப்பம்.